ஊவாவில் கடைசி நாள்

வெளிதேசப் பிரயாணம் செய்கிறவர்களுக்குக் கடைசி நாள் ஒரு தொல்லை. பார்க்க வேண்டியவை பாக்கி நிற்கும். பெட்டியில் இடம் இராது. பையில் பணம் இராது. குழந்தைகளுக்கு அலுப்புத் தட்டிவிடும். அதனால் பெரும்பாலோர் அந்த நாளைக் கடைத்தெருவுக்குக் கொடுத்துவிட்டு, சேலையும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவார்கள். 2023-ஆம் ஆண்டு மே மாதம் இலங்கைக்குச் சென்ற நாங்கள், கடைசி நாளை வேண்டுமென்றே பதுளைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தோம். "பதுளையா? அங்கே என்ன இருக்கிறது?" என்று மதுரையிலும் கேட்டார்கள், கண்டியிலும் கேட்டார்கள்.

அங்கே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லுமுன், அந்த ஊர் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் ஒன்பது மாகாணங்களுள் ஒன்று ஊவா. பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்கள் சேர்ந்தது. ஊவா என்ற பெயர் நம்மவர் பலருக்குப் புதிதாகத் தோன்றும். ஆனால் அருணகிரிநாதர் திருப்புகழில் பாடிய கதிர்காமம் இந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. மாகாணத்தின் தலைநகரம் பதுளை. கொழும்பிலிருந்து கிழக்கே சாலை வழியாக ஏறக்குறைய 230 கிலோமீட்டர். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 680 மீட்டர். கிண்ணத்தின் அடியில் வைத்தாற்போல் மலைகளுக்கு நடுவில் அமர்ந்திருக்கும் ஊர். தென்கிழக்கில் நமுனுகுலை மலை 2,036 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. கொழும்பில் புறப்படும் மலைநாட்டு ரயில் பாதை இங்கே வந்து முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை.

எங்கள் கோஷ்டியில் ஐந்து பேர். கல்லூரியில் சரித்திரம் கற்பிக்கும் நான், என் மனைவி, கல்லூரியில் முதல் ஆண்டு முடித்திருந்த மகள், எட்டாம் வகுப்புப் படித்த மகன், அவர்களுடைய பாட்டியாகிய என் மாமியார். நான் அவர்களை அத்தை என்று அழைப்பது வழக்கம். மற்ற நால்வருக்கும் இது முதல் இலங்கைப் பிரயாணம். அத்தைக்கு மட்டும் இது திரும்பிச் செல்லும் பிரயாணம். தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் 1961-இல் பிறந்து, 1973-இல், பன்னிரண்டாம் வயதில், தாய் தகப்பனோடு தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் அவர்கள். மூத்த சகோதரி மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். அந்தச் சகோதரியைப் பார்ப்பதே இந்தப் பிரயாணத்தின் முதல் நோக்கம். கண்டியும் நுவரெலியாவும் அதற்குப் பக்க வாத்தியம்.

முதல் நோக்கத்தைக் கடைசி நாளுக்கு ஏன் தள்ளினீர்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் எளியது. அந்தச் சகோதரியின் மகள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு ஓய்வு. எங்கள் ஞாயிற்றுக்கிழமை கடைசி நாளில் வந்து விழுந்தது.

சனிக்கிழமை இரவு பதுளையில் தங்கி, ஞாயிறு காலை ஊரைப் பார்க்கப் புறப்பட்டோம். தெருக்களில் வெள்ளை உடை உடுத்த சிங்களக் குழந்தைகள் கூட்டம் கூட்டமாகச் சென்றார்கள். ஞாயிறு காலை விகாரைகளில் அறநெறி வகுப்பு நடக்கும். அவர்கள் பின்னாலேயே சென்று முதியங்கனை விகாரையை அடைந்தோம். இலங்கைப் பௌத்தர் யாத்திரை செய்யும் பதினாறு புண்ணிய ஸ்தலங்களுள் இது ஒன்று. புத்தர் பெருமான் தாமே இங்கு வந்தார் என்பதும், தேவநம்பியதிஸ்ஸன் இங்கே தூபி எடுத்தான் என்பதும் அவர்களது மரபு. பரந்த முற்றம், வெண்மையான தூபி, போதி மரம், பூத்தட்டு ஏந்திய மூதாட்டிகள். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, நம் கோயிலில் செய்வதுபோலவே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். சிறு வயதில் தகப்பனார் தோளில் அமர்ந்து இங்கே பெரஹரா பார்த்த ஞாபகம் இருக்கிறதாம். யானையும் தீப்பந்தமும் மட்டும் நினைவு. நகரிலுள்ள கதிர்காமத் தேவாலயத்தையும் தரிசித்தோம். சிங்களர் கதிர்காமத் தெய்வம் என்று வணங்குவது நம் முருகனைத்தான் என்று தெரிந்ததும், என் மகனுக்கு அந்த ஊர் சட்டென்று சொந்த ஊர் ஆகிவிட்டது.

சரித்திர ஆசிரியன் கையில் அகப்பட்ட குடும்பம் தப்ப முடியாது. விகாரையின் மர நிழலில் அமர்ந்து ஊவாவின் கதையைச் சொன்னேன். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீவிக்கிரமராஜசிங்கன் மதுரை நாயக்கர் உறவு வழியில் வந்தவன். 1815-இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்து வேலூருக்கு அனுப்பினர்; 1832-இல் அங்கேயே இறந்தான். கண்டி வீழ்ந்த இரண்டே ஆண்டுகளில், 1817-இல், ஊவா கிளர்ந்தெழுந்தது. நாயக்க வம்சத்து உறவினன் துரைசாமி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவனைக் கிளர்ச்சிக்காரர்கள் அரசனாக முன்னிறுத்தினார்கள். பதுளையில் இருந்த ஆங்கில அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவை அவர்களோடேயே சேர்ந்துகொண்டார். 1818 நவம்பர் 26-இல் கண்டியில் அவர் தலை கொய்யப்பட்டது. அவருடைய மண்டையோடு எடின்பரோ நகருக்குப் போய், 1954-இல்தான் தாயகம் திரும்பியது.

கிளர்ச்சியை அடக்கிய விதம் கொடியது. கிராமங்கள் எரிந்தன, கால்நடைகள் அழிந்தன, குளங்கள் உடைந்தன. பிற்பாடு 1840-இல் வந்த ஒரு சட்டம், பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடியரசின் சொத்து என்று வைத்துக்கொள்ள இடம் தந்தது. அந்த நிலங்கள் ஏக்கர் கணக்கில் விற்பனைக்கு வந்தன. வெள்ளைக்காரத் துரைமார் வாங்கிக் காப்பி நட்டார்கள். 1869-இல் காப்பி இலையில் துரு நோய் கண்டு, சில ஆண்டுகளில் காப்பி மடிய, அந்த இடத்தில் தேயிலை ஏறியது. நிலம் இழந்த சிங்களக் குடியானவன் துரையின் தோட்டத்தில் நிரந்தரக் கூலியாக இருக்க விரும்பவில்லை. கூலிக்கு யார் வந்தார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. "நம்ம ஆளுங்கதான்" என்றார்கள் அத்தை. சிங்களக் கிராமத்தானின் துயரமும் தமிழ்க் கூலியின் துயரமும் ஒரே சட்டத்தில் பிறந்தவை என்பது என் கருத்து. இரு தரப்பிலும் அதைக் கேட்பவர் குறைவு.

அடுத்து நாங்கள் போனது செயின்ட் மார்க் தேவாலயம். 1857-இல் எழுந்த சிறிய ஆங்கிலக் கோயில். காலைப் பிரார்த்தனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்ற மேஜரின் நினைவாகக் கட்டப்பட்டது இது. பதுளையில் அதிகாரம் செலுத்தியவர், சாலைகள் போட்டவர், 1,400 யானைகளுக்கு மேல் சுட்டு வீழ்த்தியவர் என்று சொல்லப்படுகிறது. 1845 ஜூன் 7-ஆம் தேதி அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். நுவரெலியாவிலுள்ள அவரது சமாதியின் மீதும் இடி மீண்டும் மீண்டும் விழுந்தது என்று ஜனங்கள் கதை சொல்வார்கள். இதைக் கேட்டு என் மகன் அடைந்த திருப்திக்கு அளவே இல்லை. "யானைங்க சாபம்!" என்றான்.

மகள் மட்டும் சுவரிலிருந்த நினைவுக்கல்லை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "யானை சுட்டவர் பேர் இருக்கு. சாலை போட்டவங்க பேர் எங்கேப்பா இருக்கும்?" என்று கேட்டாள். அப்போது நான் பதில் சொல்லவில்லை. பதில் அன்று பிற்பகலில் வேறொருவர் வாயிலிருந்து வந்தது.

துன்ஹிந்த அருவி ஊருக்கு ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 64 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து புகையாகச் சிதறும் என்பார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்றதும் அதைக் கைவிட்டோம். போகொடையிலுள்ள பழைய மரப்பாலத்தை முந்தின நாளே பார்த்தாயிற்று. தலைக்கு மேல் ஓட்டுக் கூரை போட்ட பாலம், பார்க்கத் தகுந்ததுதான். ஆனால் அத்தையின் கண் அடிக்கடி என் கைக்கடிகாரத்தின் மேலேயே இருந்தது. பத்தரை மணிக்கு வண்டியைத் தெமோதரைப் பக்கம் திருப்பச் சொன்னேன்.

ஹாலிஎல தாண்டியதும் தேயிலை தொடங்கிவிடுகிறது. நுவரெலியாவின் தேயிலை கண்ணுக்குக் குளிர்ச்சி. ஊவாவின் தேயிலை சற்று வறண்ட அழகு. அதற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மத்திய மலைகளுக்கு அப்பாலேயே கொட்டிவிட்டு, இப்பக்கம் வரும்போது வெறுங்காற்றாகி வருகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் அந்த உலர்ந்த காற்றில் செடி வளராமல் ஒடுங்கும். ஒடுங்கிய கொழுந்தில் மணம் கூடும். வாயில் ஒரு குளிர்ச்சி தோன்றும் அந்த மணத்துக்காகவே உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனி மரியாதை. தாமஸ் லிப்டன் என்ற பிரிட்டிஷ் வியாபாரி 1890-இல் வந்து அப்புத்தளைப் பக்கம் தோட்டங்கள் வாங்கியதும் இந்த மலைகளில்தான். செடி வாடினால்தான் தேயிலை மணக்கும் என்பதைக் கேட்ட என் மனைவி, "பறிக்கிறவங்களும் அப்படித்தானே" என்று முணுமுணுத்தாள்.

வழியில் எல்ல ஊருக்குச் சற்றுப் போய், புகழ்பெற்ற ஒன்பது வளைவுப் பாலத்தை மகனுக்காக எட்டிப் பார்த்தோம். இரும்பே இல்லாமல் கல்லும் செங்கல்லும் சிமிட்டியும் கொண்டு 1921-இல் கட்டி முடித்தது. கம்பீரமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் தண்டவாளத்தின் நடுவில் நின்று விதவிதமாகப் படம் பிடித்துக்கொள்ளும் உல்லாசப் பிரயாணிகளின் கூட்டத்தில் பாலத்தைக் காண்பதே பாடாக இருந்தது. பண்டாரவளைக்கு 1894-இலேயே ரயில் வந்துவிட்டது. பதுளையைத் தொட 1924 ஆயிற்று. இடையே முப்பது ஆண்டுகள். எவ்வளவு கடினமான மலை என்பதை அந்தக் கணக்கே சொல்லும்.

தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அடையாளம் தெரியும்; அந்தக் குடும்பத்துக்கு அது தேவையில்லை. பிரதான சாலையிலிருந்து பிரிந்து, தேயிலைத் தொழிற்சாலையைக் கடந்து, குண்டும் குழியுமான பாதையில் வண்டி ஏறியது. ஒரு திருப்பத்தில் அத்தை, "இங்கே நிறுத்துங்க மாப்பிள்ளை. இது பிரட்டுக்களம்" என்றார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் அடையாளம் கண்ட முதல் இடம் அது. அதிகாலையில் தப்புச் சத்தம் கேட்டு எழுந்து, தொழிலாளர் எல்லோரும் வந்து வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் வெளி அது. இப்போது தப்பு அடிப்பதில்லை. களம் மட்டும் இருக்கிறது.

லயம் என்றால் வாசகர்களுக்கு விளங்க வேண்டும். ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாகப் பல அறைகள். ஓர் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு தாழ்வாரம். அந்தத் தாழ்வாரத்திலேயே அடுப்படி. ஓர் அறைக்கு ஒரு குடும்பம். ஆங்கிலேயர் காலத்தில் காப்பித் தோட்டக் கூலிகள் சில மாதம் தங்கிப் போவதற்கென்று ஏற்பட்ட இந்த அமைப்பிலேயே தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. தகரக் கூரை மாற்றப்பட்டிருந்தது, மின்சாரம் இருந்தது, ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் இருந்தது. அறை அதே அறை.

பெரிய அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். எழுபத்திரண்டு வயது. அழுகையையும் ஆலிங்கனத்தையும் எதிர்பார்த்து என் மகள் கைப்பேசியைத் தயாராக வைத்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பெரியவர், "போன்ல நீ உயரமாத் தெரிஞ்சே" என்றார். இளையவர், "நீயுந்தான்" என்றார். அவ்வளவுதான். இருவரும் சிரித்துவிட்டார்கள். மகள் படம் எடுக்க மறந்துபோனாள்.

அவர்கள் பிரிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் அன்று. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே வந்த பிரஜாவுரிமைச் சட்டம், தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1952-இல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிற்பாடு பேசிக்கொள்வது என்று முடிவாயிற்று. 1974-இல் அந்த மீதியையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நெல்லைப் படியால் அளப்பதுபோல் மனிதரை அளந்த கணக்கு அது. குடும்பத்துக்குள்ளேயே கோடு விழுந்தது. அத்தையின் தகப்பனார் இந்தியாவுக்கு மனுப் போட்டார். 1970-இல் மணமாகிப் போயிருந்த மூத்த மகள், கணவர் வீட்டாரோடு இலங்கைக்கு மனுப் போட்டாள். 1973, 74-ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடியது; மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு. கப்பலேறுவதற்கு அதுவும் ஒரு காரணம். அத்தையின் குடும்பம் நீலகிரியில் கூடலூருக்குப் போய், அங்கேயும் தேயிலையே பறித்தது.

சில ஆண்டுகள் கடிதம் வந்து போயிற்று. 1983 ஜூலைக் கலவரத்தில் பதுளை நகரமும் எரிந்தது. அடுத்த ஆண்டில் கப்பலும் நின்றது. கடிதமும் நின்றது. 2019-இல் கூடலூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பசறைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் கைப்பேசி எண் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இடைப்பட்ட காலத்தில் தாயும் தகப்பனும் கூடலூரில் இறந்ததை மூத்த மகள் அறியாள். அவள் கணவர் இறந்ததை இவர்கள் அறியார்கள்.

பெரிய அத்தையின் மகள், என் மனைவிக்கு அக்கா முறை, சாயத் தண்ணீர் போட்டுக் கொடுத்தார். தேயிலைத் தூளில் பால் இல்லாமல் இறக்கிய கறுப்புத் தேநீர். கூடக் கடித்துக்கொள்ள ஒரு துண்டு சர்க்கரை. நல்ல கொழுந்தெல்லாம் ஏற்றுமதிக்குப் போய்விடும். தோட்டத்தில் மிஞ்சுவது தூள்தான். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை ஆகும். ஒரு நாளைக்கு எவ்வளவு பறிக்க வேண்டும் என்று கேட்டேன்.

"பதினெட்டு கிலோ எடுத்தாத்தான் தம்பி பேர் விழும். குறைஞ்சா அரைப்பேர்" என்றார்.

"பேர் என்றால்?" என்று கேட்டாள் என் மகள்.

அக்காவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. பேர் என்றால் பேர்தான். பெரிய அத்தை விளக்கினார்கள்: காலையில் பிரட்டில் கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிட்டுப் பதிவேட்டில் குறிப்பார். அளவு சேர்ந்தால் அன்றைக்கு முழுக் கூலி. ஆகவே தோட்டத்துத் தமிழில் ஒரு நாள் கூலிக்கே பேர் என்று பெயர் வந்துவிட்டது. "இந்த மாசம் எத்தனை பேர்?" என்றால், எத்தனை நாள் கூலி என்று அர்த்தம். மழை அடித்தால் அரைப்பேர். உடம்புக்கு முடியாவிட்டால் பேர் இல்லை. நாங்கள் சென்றபோது ஒரு பேருக்கு ஆயிரம் ரூபாய். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021-இல் கிடைத்த ஆயிரம் அது. 2024-இல் அது 1,350 ஆயிற்று.

காலையில் தேவாலயத்தில் கேட்ட கேள்விக்கு என் மகளுக்கு விடை கிடைத்துவிட்டது என்பதை அவள் முகத்தில் கண்டேன். சாலை போட்டவர்கள், மலையைக் குடைந்தவர்கள், காட்டை வெட்டியவர்கள் பெயரெல்லாம் கல்லில் இல்லை. தினக்கூலிப் பதிவேட்டில் இருந்தது. பதிவேடு தீர்ந்ததும் புதுப் பதிவேடு வந்தது. பழையது எங்கே போயிற்றோ?

அத்தை தம் அப்பத்தாளைப் புதைத்த இடத்தைப் பார்க்க விரும்பினார்கள். இராமநாதபுரம் சீமையிலிருந்து சிறு பெண்ணாக வந்து, தோட்டத்திலேயே வாழ்ந்து மறைந்தவள் அவள். அவளுக்கு முந்தின தலைமுறையினர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே வந்தவர்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே விழுந்தவர்கள் கணக்கற்றோர். பெரிய அத்தை ஒரு சரிவைச் சுட்டிக் காட்டினார்கள். மயானத்தின் ஓரம் இருந்த இடம். இப்போது அங்கே மாணாப் புல் ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. "அந்தச் சவுக்கு மரத்துக்குக் கீழே" என்றார்கள் பெரியவர். "சவுக்கு மரம் எங்கே?" என்று கேட்டார்கள் இளையவர். "அதை வெட்டிப் பத்து வருஷமாச்சு." இரு சகோதரிகளும் இல்லாத மரத்தைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார்கள்.

மத்தியானச் சாப்பாடு தடபுடலாக இருந்தது. சோறு, கோழிக் குழம்பு, பருப்பு, கீரை. அத்தைக்கென்று தனியாகக் கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். தடித்த ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தபோதுதான் அத்தை அழுதார்கள். இது என் மனைவிக்கு வியப்பு, எனக்கு இல்லை. நாக்குக்கு உள்ள ஞாபகம் கண்ணுக்குக் கிடையாது.

அக்காவின் மகளுக்கு அப்போது பதினேழு வயது. பதுளையில் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, மூன்று கிலோமீட்டர் இறங்கி, பஸ் பிடித்துப் போக வேண்டும். பதுளையில் 2005-இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. ஊரில் எழுத்தாளர் யாராவது உண்டா என்று கேட்டேன். ஹாலிஎலவை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934-இல் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் பெயரைத் தயக்கமின்றிச் சொன்னாள். 2022 அக்டோபரில் அவர் காலமானபோது பாடசாலையில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்களாம். ஒரு தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் வைத்துக்கொண்டவர் அவர் என்பது அவளுக்குப் பெரிய பெருமை.

என் மகள் அவளிடம் விலாசம் கேட்டாள். ஊருக்குப் போய்ப் புத்தகங்கள் அனுப்ப வேண்டும் என்று. அந்தப் பெண் சிரித்தாள். "எங்களுக்கு வீட்டு விலாசம் கிடையாது அக்கா. லயத்துக்கு நம்பர் போட மாட்டாங்க. தோட்டத்துப் பேரைப் போட்டு, டிவிஷன் போட்டு, எங்க பேர் போடணும். ஆபீசுக்கு வரும். அங்கேயிருந்து என்னைக்காவது வரும்." பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் காலம் கடந்து வந்து, இடம் போன பிள்ளைகள் மலையகத்தில் உண்டு. 1983-க்குப் பிறகு அத்தை எழுதிய கடிதங்களின் கதியும் எனக்கு அப்போது ஓரளவு விளங்கியது. 2003-இல் வந்த சட்டத்தால் இந்த மக்களில் எஞ்சியிருந்தவர்களும் இலங்கைப் பிரஜைகள் ஆனார்கள். வாக்கு உண்டு, அடையாள அட்டை உண்டு. கதவு எண் மட்டும் பல லயங்களுக்கு இல்லை. இந்திய அரசின் உதவியோடு மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் உண்டு; 2017-இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. வீடு வந்தால் விலாசமும் வரும் என்று காத்திருக்கிறார்கள்.

லயத்துக்குப் பின்னால் மலை செங்குத்தாக எழுகிறது. அதை நான் அண்ணாந்து பார்த்தபோது, பெரிய அத்தை மனத்தைப் படித்தவர்போல், "மீரியாபெத்தையும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார்கள். கொஸ்லாந்தைக்கு அருகில் மீரியாபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29-ஆம் தேதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நிபுணர்கள் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை வந்தது, மாற்று வீடு வரவில்லை. எங்கள் பிரயாணத்துக்கு இரண்டரை ஆண்டுகளுக்குப் பின், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது, மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மூன்று நாட்கள் அக்காவின் கைப்பேசி பேசவில்லை. அந்த மூன்று நாளும் அத்தை தொலைக்காட்சி முன்னிருந்து எழவில்லை. நாலாம் நாள் குரல் வந்தது. பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தார்கள், பின்சுவர் வரை மண் இறங்கியிருந்தது, உயிர்ச்சேதம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி எதையும் அறியாமல், வெயில் தணிய மலை நீலமாகிக்கொண்டிருந்தது. பதுளையிலிருந்து மாலையில் கொழும்புக்குப் புறப்படும் இரவு ரயிலைத் தெமோதரையில் பிடிக்க ஏற்பாடு செய்திருந்தோம். அக்காவும் மகளும் பெரிய அத்தையும் எங்களோடு ஸ்டேஷனுக்கு வந்தார்கள். ஒரு பை நிறையத் தேயிலை. நல்ல தேயிலை, யாரிடமோ சொல்லித் தொழிற்சாலையில் வாங்கியது. திரும்பப் போகும் வழியில் இருட்டிவிடுமே என்றேன். "திங்கக்கிழமை ஏழு மணிக்குப் பிரட்டு தம்பி. அதுக்குள்ளே போயிருவோம்" என்றார் அக்கா.

தெமோதரை ஸ்டேஷன் ஒரு விந்தையான இடம். மலையின் சரிவு அதிகமாகையால் ரயிலை நேராக ஏற்ற முடியாது. அதனால் பதுளையிலிருந்து வரும் பாதை, ஸ்டேஷனுக்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்தில் நுழைந்து, மலையை ஒரு வட்டமாகச் சுற்றி மேலேறி, பிறகு ஸ்டேஷனை வந்து சேர்கிறது. தன் வாலைத் தானே தாண்டும் பாம்புபோல. ஆகவே இங்கே நிற்பவர்களுக்கு வண்டி முதலில் காலுக்கடியில் வரும். சில நிமிஷம் கழித்துத்தான் கண்ணெதிரே வரும்.

பிளாட்பாரத்துப் பெஞ்சில் சகோதரிகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். நாள் முழுதும் பேசாததை அப்போதுதான் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. பள்ளத்தில் விளக்கு தெரிந்தது. ஊதல் கேட்டது. தரை இலேசாக அதிர, வண்டி எங்கள் அடியில் நுழைந்து போயிற்று. அத்தை பதறி எழுந்து பையைத் தேடினார்கள். பெரிய அத்தை அவர்கள் கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தார்கள்.

"கீழேதான் போகுது. சுத்தி வரணும். இன்னும் நேரம் இருக்கு" என்றார்கள்.